ஹண்டோ, சூடோ, நஸ்லாக்: போகிமான் கூட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

போகிமான் ஆட்டத்தைப் போனில் இறக்கிக் கொஞ்ச நாள் ஆடியாயிற்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துப் பக்கம் ஏற்கெனவே ஆடுகிற பையன்களோடு போய் நிற்கிறீர்கள், ஒருத்தன் "லே, நண்டோ டே!" என்று கத்துகிறான், இன்னொருத்தன் "ஃபுல் ஆட்ஸா?" என்று கேட்கிறான், உங்களுக்கு ஒன்றும் ஓடவில்லை. ஆட்டத்துக்குள் எந்த மெனுவைத் திறந்தாலும் இந்தச் சொற்கள் கிடைக்காது. இவை ஆட்டத்தை உருவாக்கிய கேம் ஃப்ரீக் நிறுவனம் வைத்த பெயர்கள் அல்ல. 1996 பிப்ரவரியில் ஜப்பானில் முதல் ஆட்டம் வந்ததிலிருந்து ஆடுகிறவர்களே தங்கள் வசதிக்கு வைத்துக்கொண்டவை.

எல்லாவற்றையும் உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் ஒரு எண்ணோ ஒரு விதியோ இருக்கிறது, அதைப் பிடித்தால் சொல் தானாக நிற்கும். ஆனால் அந்த எண் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். சொல் மாறாமல் கணக்கு மட்டும் மாறுவதால்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள், நான் பார்த்த சண்டைகளில் பாதி இதனால் வந்தவை.

முதலில் எந்த ஆட்டம் என்று கேளுங்கள்

போகிமான் என்று ஒரே பெயரில் சொன்னாலும் நம்மூரில் ரெண்டு கூட்டம் இருக்கிறது. ஒன்று போகிமான் கோ ஆடுகிறவர்கள். 2016 ஜூலையில் வெளிநாடுகளில் வந்து, அந்த வருடம் டிசம்பரில் இந்தியாவுக்கு முறைப்படி வந்த, தெருவில் நடந்து ஆடுகிற ஆட்டம். இன்னொன்று மெயின் சீரிஸ் ஆடுகிறவர்கள். நின்டென்டோ கருவிகளுக்காக வந்த வரிசை ஆட்டங்கள் இவை. கருவி விலை நம் பக்கம் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது, அதனால் எமுலேட்டர் (அந்தக் கருவி மாதிரியே நடந்துகொள்ளும் மென்பொருள்) போட்டு பழைய எமரால்டு ஆட்டம் ஆடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன் (ஆட்டத்தின் ரோம் ஃபைலை நெட்டில் எடுப்பது உரிமைக்காரர் அனுமதி இல்லாத வேலை, அதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்).

மெயின் சீரிஸ்காரர்கள் "ஜென் 3", "ஜென் 5" என்று பேசுவார்கள். தலைமுறைக் கணக்கு அது, ஆட்டத்தின் பெட்டியில் அப்படி அச்சிட்டிருக்காது. ரெட், க்ரீன் ஆட்டங்கள் ஜென் 1. 1999-ல் வந்த கோல்டு, சில்வர் ஜென் 2. 2002-ல் வந்த ரூபி, சஃபையர் ஜென் 3, எமரால்டும் அதில்தான் சேரும். 2006-ன் டைமண்ட், பேர்ல் ஜென் 4, 2010-ன் பிளாக், ஒயிட் ஜென் 5, 2013-ன் எக்ஸ், ஒய் ஜென் 6, 2016-ன் சன், மூன் ஜென் 7, 2019-ன் சோர்டு, ஷீல்டு ஜென் 8, 2022-ன் ஸ்கார்லெட், வயலெட் ஜென் 9. நீங்கள் ஆடுவது எந்த ஜென் என்று மட்டும் இப்போதைக்கு ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். யாராவது ஒரு யோசனை சொன்னால் உடனே "அண்ணே, இது எந்த ஜென்னுக்கு?" என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள், கேட்காமல் செய்துவிட்டு வந்தால்தான் சிரிப்பார்கள்.

அடுத்தது ஐவி

ஒரே இனத்துப் போகிமான் ரெண்டைப் பிடித்தாலும் அவை ஒரே பலத்தில் இருக்காது. பிறவியிலேயே ஒவ்வொன்றுக்கும் சில எண்கள் விழுகின்றன, அதுதான் ஐவி. கோ ஆட்டத்தில் தாக்குதல், தற்காப்பு, உயிர் என்று மூன்று, ஒவ்வொன்றும் 0 முதல் 15 வரை. மூன்றும் 15 என்றால் நூற்றுக்கு நூறு, அது ஹண்டோ. மூன்றும் 0 என்றால் நண்டோ. நம் பையன்கள் அதை நண்டு என்றே சொல்லிவிடுகிறார்கள், எனக்கும் அதுதான் பிடித்திருக்கிறது.

பார்ப்பது எப்படி: போகிமானைத் திறந்து அப்ரைஸ் என்பதை அழுத்துங்கள், மூன்று பட்டைகள் வரும். மூன்றும் முழுக்க நிரம்பிச் சிவந்திருந்தால் ஹண்டோ. மொத்தமாகத் தேட வேண்டுமென்றால் தேடல் பெட்டியில் 4 எண்ணைப் போட்டுப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போடுங்கள், உங்களிடம் இருக்கும் ஹண்டோ எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஒன்றுகூட வரவில்லையென்றால் மனசு விட வேண்டாம். சாதாரணமாகத் தெருவில் வரும் போகிமான் ஹண்டோவாக இருக்க 16 × 16 × 16, அதாவது 4096-ல் ஒரு வாய்ப்புதான்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் பெரியவர்கள் நாள் பார்த்து ஆடுகிறார்கள். பல பேர் கூடி ஒரு பெரிய போகிமானோடு மோதுகிற சாதாரண ரெய்டில் பிடிக்கும் போகிமானுக்கு எந்த எண்ணும் 10-க்குக் கீழே போகாது. ஆகவே ஹண்டோ வாய்ப்பு 6 × 6 × 6, 216-ல் ஒன்று. வானிலை சாதகமாக இருந்தால் எண் 4-க்குக் கீழே போகாது, அப்போது 1728-ல் ஒன்று. இந்த "வெதர் பூஸ்ட்" என்பதை நம் ஊர்க்காரர்கள் கொஞ்சம் கவனித்து வைத்துக்கொள்ளலாம். வெயில் என்று ஆட்டம் காட்டினால் புல், மண், நெருப்பு இனங்களுக்கு (இங்கே இனம் என்றால் டைப்) பூஸ்ட், திருநெல்வேலியில் வருடத்தில் முக்கால்வாசி அதுதான். சாரல் சமயத்தில் குற்றாலம், தென்காசிப் பக்கம் போகிறவர்களுக்கு மழை என்று காட்டினால் நீர், மின்சாரம், பூச்சி இனங்கள். ஆடிக்காற்றில் பணகுடி, காவல்கிணறு பக்கம் போகும்போது காற்று என்று காட்டினால் டிராகன், பறவை, சைக்கிக் இனங்கள் மூன்றுக்கும் பூஸ்ட், அந்த நேரத்தில் பையை நிரப்பி வைத்துக்கொண்டு பஸ் ஏறுவது புத்திசாலித்தனம். இதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால், பூஸ்ட் உள்ள போகிமானோ ரெய்டு போகிமானோ பிடிக்கும்போது நண்டோவாக வரவே வராது. அதனால்தான் நண்டோவும் அபூர்வம், அதனால்தான் அந்தப் பையன் கத்தினான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஹண்டோ தவிர மற்றதையெல்லாம் ஆட்டத்தில் வரும் புரொஃபசருக்கு அனுப்பி, போகிமானை வளர்க்க உதவும் கேண்டியை வாங்கிவிடுகிற வேகம் புதியவர்கள் எல்லோருக்கும் உண்டு. கோ ஆட்டத்தில் கிரேட் லீக் என்ற சண்டையில் 1500 சிபி-க்கு (போகிமானின் மொத்த பலத்தைக் காட்டும் எண்) மேல் உள்ள போகிமானை இறக்க முடியாது. சிபி கணக்கில் தாக்குதல் எண்ணுக்குத்தான் எடை அதிகம். ஆகவே தாக்குதல் குறைவாகவும் மற்ற ரெண்டும் நிறைவாகவும் இருக்கிற ஒன்று, உதாரணமாக 0/15/15, அந்த 1500-க்குள் கூடுதல் தற்காப்பையும் உயிரையும் அடக்கிக்கொள்ளும். இதைத்தான் "பிவிபி ஐவி" (பிவிபி என்றால் ஆளோடு ஆள் மோதுவது) என்றும், அதில் முதலிடம் பெறுவதை "ரேங்க் 1" என்றும் சொல்கிறார்கள். எல்லா இனத்துக்கும் இது பொருந்தாது, 1500-ஐயே எட்டாத இனங்களும் உண்டு, அவற்றுக்கு ஹண்டோதான் நல்லது. மொத்தத்தில் பட்டை குறைவாக இருக்கிறதே என்று தூக்கி எறிவதற்கு முன்னால் யாரிடமாவது ஒரு வார்த்தை கேளுங்கள்.

மெயின் சீரிஸில் ஐவி வேறு கணக்கு. ஜென் 3 முதல் 0-விலிருந்து 31 வரை, ஆறு குணங்களுக்கு (உயிர், தாக்குதல், தற்காப்பு, சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு, வேகம்) ஆறு எண். ஆறும் 31 என்றால் "6ஐவி". ஆட்டம் இந்த எண்ணை நேராகக் காட்டாது. சன், மூன் முதல் "ஜட்ஜ்" என்ற வசதி வந்த பிறகு 31 இருக்கும் இடத்தில் "பெஸ்ட்" என்று வார்த்தையில் காட்டும், அவ்வளவுதான். ஈவி என்பது பிறவி எண் அல்ல, பயிற்சியில் ஏறுவது. மொத்தம் 510, ஒரு குணத்துக்கு ஜென் 6 முதல் அதிகபட்சம் 252. நூறாவது லெவலில் 4 ஈவி-க்கு 1 புள்ளி கூடும். "252, 252, 4" என்று யாராவது டெலிபோன் நம்பர் மாதிரி ஒப்பித்தால், ரெண்டு குணத்துக்கு முழுசாக ஏற்றிவிட்டு மிச்சத்தை மூன்றாவதில் போட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

ஷைனி வேட்டை

நிறம் மாறி வரும் போகிமான் ஷைனி. ஜென் 2-ல் ஏரியில் வருகிற சிவப்பு கியாரடோஸ்தான் பலருக்கு முதல் அறிமுகம். ஆடுகிறவர்கள் ஆரம்பத்திலிருந்தே ஷைனி என்றார்கள், பிற்பாடு ஆட்டங்களே அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டன. ஷைனியாகவும் ஹண்டோவாகவும் இருந்தால் ஷண்டோ. அதைப் பிடித்தவன் ஒரு வாரத்துக்கு வேறு எதையும் பேச மாட்டான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"ஃபுல் ஆட்ஸ்" என்றால் வாய்ப்பைக் கூட்டும் எந்த உபாயமும் இல்லாமல் பிடித்தது. மெயின் சீரிஸில் ஜென் 5 வரை அது 8192-ல் ஒன்று, ஜென் 6 முதல் 4096-ல் ஒன்று. 4096 தடவை பார்த்தால் ஒன்று வந்தே தீரும் என்று நினைக்காதீர்கள், அத்தனை தடவை பார்த்தாலும் ஒன்றாவது வருவதற்கான வாய்ப்பு சுமார் 63 சதவீதம்தான். ஷைனி வரும்வரை சேமித்த இடத்திலிருந்து ஆட்டத்தை அணைத்து அணைத்துத் திறப்பது "சாஃப்ட் ரீசெட்". தேடுவது ஒன்றாக இருக்க, நடுவில் வேறொன்று ஷைனியாக வந்துவிட்டால் அது ஒரு "ஃபேஸ்", எண்ணிக்கையைத் திரும்பப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவார்கள்.

"மசுதா முறை" என்ற பேரையும் கேட்பீர்கள். அப்போது கேம் ஃப்ரீக்கில் இருந்த ஜூனிச்சி மசுதா அதைப் பற்றி எழுதியதால் ஆடுகிறவர்கள் அவர் பேரை வைத்துவிட்டார்கள். ஜென் 4 முதல், வெவ்வேறு மொழி ஆட்டங்களிலிருந்து வந்த ரெண்டு போகிமானை ஜோடி சேர்த்து முட்டை எடுத்தால் ஷைனி வாய்ப்பு பல மடங்கு கூடும். எமரால்டு ஜென் 3, அதில் இந்த முறை வேலை செய்யாது. முதல் பகுதியில் சொன்ன கேள்வியைக் கேட்காமல் முட்டை பொரித்துக்கொண்டே இருந்தவர்கள் உண்டு.

எந்த வேட்டையைத் தொடங்கும் முன்பும் "ஷைனி லாக்கா?" என்று விசாரித்துவிடுங்கள். சில போகிமான்கள் ஷைனியாக வரவே கூடாது என்று நிரலிலேயே பூட்டி வைத்திருப்பார்கள். பிளாக், ஒயிட் ஆட்டங்களில் ரெஷிராமும் ஸெக்ரோமும் அப்படித்தான். வருடம் முழுக்க ரீசெட் போட்டாலும் வராது.

கோ ஆடுகிறவர்களுக்கு மாதா மாதம் வரும் கம்யூனிட்டி டே-யில் ஷைனி வாய்ப்பு நன்றாகக் கூடும். பொதுவாக மதியம் 2 முதல் 5 வரை. அந்த நேரத்தை வகுத்தவர் சித்திரை மாதத்துத் திருநெல்வேலியில் நின்று பார்த்திருக்க மாட்டார். தொப்பி, தண்ணீர், பவர் பேங்க் மூன்றும் இல்லாமல் போகாதீர்கள்.

சண்டையில் பேசுகிறவை

ஸ்டாப் என்று ரெண்டு இருக்கிறது. ஒன்று தெருவில் சுழற்றி, போகிமானைப் பிடிக்கிற பந்து எடுக்கிற போகிஸ்டாப். இன்னொன்று சண்டைக் கணக்கில் வருவது, அதை இங்கே பிரித்துக் காட்ட ஸ்டேப் என்று எழுதுகிறேன், ஆனால் பையன்கள் வாயில் ரெண்டும் ஒன்று போலத்தான் கேட்கும். போகிமானின் இனமும் (நீர், நெருப்பு மாதிரி டைப்) அதன் அடியின் இனமும் ஒன்றாக இருந்தால் அடிக்குக் கிடைக்கும் கூடுதல் பலம் ஸ்டேப். மெயின் சீரிஸில் பொதுவாக 1.5 மடங்கு, கோ-வில் 1.2 மடங்கு. பேச்சில் பக்கத்தில் ஏதாவது எண்ணோ அடியின் பேரோ வந்தால் ஸ்டேப், "பக்கத்துல ஒண்ணு இருக்கா?" என்றால் ஸ்டாப்.

வேகமாக வரிசையாக அடித்துச் சாய்ப்பது ஸ்வீப்பர். அடி வாங்கிக்கொண்டு நிற்பது வால். ஒரு போகிமானுக்கு ரெண்டு இனம் இருந்து, ரெண்டும் ஒரே தாக்குதலுக்குத் தோற்றால் 4 மடங்கு அடி விழும், "குவாட் வீக்" என்பார்கள். நீரும் பறவையுமான கியாரடோஸுக்கு மின்சாரம் அப்படி, டிராகனும் மண்ணுமான கார்சோம்புக்கு ஐஸ் அப்படி.

"ஸ்பிளிட்" என்ற சொல்லை எமரால்டு ஆடுகிறவர்கள் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும். ஜென் 3 வரை ஒரு அடி உடல்பலத்தில் விழுமா, சிறப்புப் பலத்தில் விழுமா என்பதை அந்த அடியின் இனமே தீர்மானித்தது. ஜென் 4-ல் ஒவ்வொரு அடிக்கும் தனித்தனியாகப் பிரித்தார்கள். கியாரடோஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உடல் தாக்குதல் 125, சிறப்புத் தாக்குதல் 60. எமரால்டில் நீர் அடிகள் எல்லாமே சிறப்புக் கணக்கில் போவதால் வாட்டர்ஃபால் கொடுத்தாலும் பிசுபிசுத்துப் போகும். ஜென் 4-லிருந்து அதே வாட்டர்ஃபால் 125-ஐப் பிடித்துக்கொண்டு அடிக்கும். புது ஆட்டத்துக்கு எழுதிய யோசனையைப் பழைய ஆட்டத்தில் பார்த்துச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஓயூ, யூயூ, ஊபர் என்று தரம் பிரித்துப் பேசுவது ஸ்மோகன் என்ற ரசிகர் குழு 2004-லிருந்து நடத்தி வரும் ஏற்பாடு. ஆட்டத்தை நடத்துகிறவர்களின் போட்டி விஜிசி, அதில் ரெண்டு ரெண்டாக இறக்கி ஆடுவார்கள். ஓயூ-வில் ராஜாவாக இருப்பது விஜிசி-யில் ஒன்றுக்கும் உதவாமல் போகலாம்.

கூட்டுப்பெயர்கள்

அபூர்வமான போகிமான்களைக் குறிக்கும் லெஜண்டரி, மிதிக்கல் ரெண்டும் அதிகாரப்பூர்வமான சொற்கள். சூடோ-லெஜண்டரி அப்படி இல்லை, ஆடுகிறவர்கள் வைத்தது, ஆனால் அதற்கு இருக்கிற கறார் மற்றதற்கு இல்லை. மூன்று கட்டமாக வளர வேண்டும், கடைசிக் கட்டத்தில் ஆறு குணங்களின் அடிப்படை எண்களைக் கூட்டினால் சரியாக 600 வர வேண்டும் (இந்தக் கூட்டுத்தொகைதான் பிஎஸ்டி), நூறாவது லெவலுக்கு 12,50,000 அனுபவப் புள்ளி தேவைப்பட வேண்டும். டிராகோனைட், டைரானிடார், சாலமென்ஸ், மெட்டாகிராஸ், கார்சோம்ப், ஹைட்ரைகான், குட்ரா, கொம்மோ-ஓ, டிராகாபல்ட், பாக்ஸ்கேலிபர். ஜென் 3-ல் மட்டும் ரெண்டு. ஸ்லேக்கிங் மூன்று கட்டம் வளர்கிறதே, 670 வைத்திருக்கிறதே என்று ஒருத்தர் கட்டாயம் கிளப்புவார். 670 என்பது 600 இல்லை, அங்கேயே முடிந்தது. தவிர அது ஒரு முறை அடித்தால் அடுத்த முறை சும்மா உட்கார்ந்துகொள்ளும்.

ஈவி என்ற குட்டிப் போகிமானின் எட்டு வடிவங்களையும் சேர்த்து ஈவீலூஷன் என்பார்கள் (மேலே சொன்ன ஈவி எண் வேறு, தமிழில் எழுதும்போது ரெண்டும் ஒட்டிக்கொள்கின்றன, என்ன செய்ய). ஜென் 3 முதல் ஒவ்வொரு தலைமுறையிலும் வரும் பிக்காச்சு ஜாடைக் குட்டிகள் பிக்காக்ளோன். ஆட்டப் பெட்டியின் அட்டையில் இருக்கும் லெஜண்டரி "பாக்ஸ் லெஜண்டரி". இவை தெரியாவிட்டாலும் நஷ்டமில்லை.

நஸ்லாக்

இது சொல் மட்டுமல்ல, ஆடும் முறை. 2010-ல் ரூபி ஆட்டத்தைக் கடுமையாக்கி ஆடிய ஒருவர் அதைப் படக்கதையாக வரைந்து நெட்டில் போட்டார், நஸ்லீஃப் என்ற போகிமானின் பேரையும் ஒரு அமெரிக்க டிவி தொடரில் வரும் லாக் என்ற பாத்திரத்தின் பேரையும் ஒட்டிப் பேர் வந்தது. எமரால்டை ஒரு தடவை முடித்துவிட்டு அலுத்துப்போனவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

செய்ய வேண்டியது இதுதான். பந்து கையில் வந்த பிறகு, ஒவ்வொரு பகுதியிலும் முதலில் எதிர்ப்படும் போகிமானை மட்டும் பிடிக்கலாம், தவறவிட்டால் அந்தப் பகுதி போயிற்று. சண்டையில் மயங்கிய போகிமான் செத்ததாகக் கணக்கு, ஒதுக்கி வைத்துவிட வேண்டும் அல்லது விடுவித்துவிட வேண்டும். பிடித்ததற்கெல்லாம் பேர் வைக்க வேண்டும். எமரால்டில் பத்து எழுத்துதான் இடம், அதுவும் ஆங்கில எழுத்து, ஆனாலும் அண்ணாச்சி, அல்வா, மயினி எல்லாம் தாராளமாக அடங்கும். பேர் வைக்கிற விதியைத்தான் புதியவர்கள் சும்மா என்று விட்டுவிடுகிறார்கள். மச்சோக்குக்கு அண்ணாச்சி என்று பேர் வைத்து நாலு ஜிம் தாண்டிய பிறகு அது செத்தால்தான் அந்த விதி எதற்கென்று தெரியும்.

ஏற்கெனவே பிடித்த இனமே மறுபடி வந்தால் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம் என்பது "டூப்ஸ் க்ளாஸ்". ஷைனி வந்தால் விதியை மீறிப் பிடிக்கலாம் என்பது "ஷைனி க்ளாஸ்". இவை விருப்பம், ஆனால் ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும், நடுவில் சேர்த்துக்கொள்வது அழுகுணி ஆட்டம். மொத்தக் கூட்டமும் செத்தால் "வைப்", முதலிலிருந்து தொடங்கணும்.

பார்த்துப் பேச வேண்டியவை

பழைய ஆட்டங்களில் மரம் வெட்ட, தண்ணீரில் போக எச்எம் என்ற அடிகளை யாராவது ஒரு போகிமான் சுமக்க வேண்டும், எமரால்டில் பெரும்பாலும் லினூன். அந்தச் சுமைதூக்கிக்கு "எச்எம் ஸ்லேவ்" என்று பேர் இருந்தது, அடிமை என்ற சொல் வேண்டாம் என்று இப்போது பலரும் "எச்எம் மியூல்" என்கிறார்கள், நீங்களும் அப்படியே சொல்லுங்கள். சன், மூன் ஆட்டங்களில் எச்எம்மையே எடுத்துவிட்டார்கள்.

"டெக்ஸிட்" என்று வாயெடுக்கும் முன் சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். சோர்டு, ஷீல்டில் பழைய போகிமான் எல்லாவற்றையும் கொண்டுவர முடியாது என்று 2019-ல் அறிவித்ததைக் குறிக்கும் சொல். ரெண்டு பக்கமும் இன்னும் கோபம் ஆறவில்லை.

ஜிபிஎஸ்-ஐ ஏமாற்றி இருந்த இடத்திலிருந்தே ஊர் சுற்றுகிறவர் ஸ்பூஃபர். அம்பாசமுத்திரத்துக்குத் தள்ளி ஏதோ ஒரு கிராமத்தில் போகிஸ்டாப்பே இல்லாமல் ஆடுகிறவருக்கு மெரினாவில் நிற்பதாகக் காட்ட ஆசை வருவது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அது விதிமீறல், கணக்கே பறிபோகும். வாரம் ஒருமுறை ஜங்ஷனுக்கோ டவுனுக்கோ வரும் வேலையோடு சேர்த்து ஆடுவது உத்தமம்.

கடைசியாக ட்ரேடு

கோ-வில் போகிமானை மாற்றிக்கொள்கிற சாதாரண ட்ரேடுக்கு ரெண்டு பேரும் பக்கத்தில் நிற்க வேண்டும், ஐவி எண்கள் புதிதாக விழும். "மிரர்" என்றால் ஒரே இனத்தை மாற்றிக்கொள்வது, நீங்கள் ஒரு மெட்டாங் கொடுத்தால் அவரும் மெட்டாங் கொடுப்பார், ரெண்டு பேருக்கும் புது எண் கிடைக்கும். மாற்றும்போது "லக்கி" ஆகிவிட்டால் எந்த எண்ணும் 12-க்குக் கீழே இருக்காது, ஹண்டோ வாய்ப்பு 64-ல் ஒன்று, பவர் ஏற்றும் ஸ்டார்டஸ்ட் செலவும் பாதி. பிடித்து எவ்வளவு நாள் ஆனதோ அவ்வளவுக்கு லக்கி வாய்ப்பும் கூடும். எனவே புதிதாக அறிமுகமான யாராவது "தம்பி, அந்தப் பழைய பிட்ஜியைக் கொடு, உனக்கு நல்லதா ஒண்ணு தாரேன்" என்று கேட்டால், முதலில் அது எந்த வருடம் பிடித்தது என்று நீங்கள் திறந்து பாருங்கள், 2016 என்று இருந்தால் அவரிடமும் அதே அளவு பழையது இருக்கிறதா என்று கேளுங்கள்.